மூக்கு மருந்துக்குப் போட்ட பூட்டு

கம்பத்தில் என் மனைவி நடத்தும் மழலையர் பள்ளியில் எனக்கு மூன்று வேலைகள். வேன் ஓட்டுவது, பிள்ளைகள் அழுதால் கழுதை மாதிரிக் கத்திக் காட்டுவது, அவள் திட்டினால் கேட்டுக்கொள்வது. போன வருடம் நாலாவதாக ஒரு பதவியை நானே எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பதவியில் நான் செய்த ஒரே காரியம், மருந்தைப் பூட்டி வைத்தது.

மருந்து, வலிப்பு வரும் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தைக்கு உரியது. அவளுடைய அம்மா கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். காலையில் ஜீப் கம்பம்மெட்டு மலை ஏறிவிட்டால் அப்புறம் போன் எடுக்காது. அதனால் சேர்த்த அன்றே ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலையும் டாக்டரம்மா எழுதிய சீட்டையும் என் மனைவியிடம் கொடுத்தாள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை அடிக்க வேண்டும்.

"நான் மலைக்கு மேல இருப்பேன் டீச்சர். இங்கன நீங்கதான் அவளுக்கு ஆத்தா" என்றாள். ஜீப் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மாவே ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சமையலையும் பிள்ளைகளைக் கழுவி விடுவதையும் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கா குறுக்கே கேட்டார்.

"இரும்பு குடுக்கணும்ல தாயி? கையில சாவிய வச்சு அமுக்குனா நின்டுரும்னு சொல்லுவாக."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அதனால் ஒன்றும் நிற்காது என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். "ஏன்க்கா, பெரிய வலிப்பா இருந்தா போடி ரயிலடிக்குப் போயி தண்டவாளத்தப் பேத்துக்கிட்டு வரணுமா?" என்றேன். ஒரு மாதம் இதே பிழைப்பு. அவர் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "ஒதுங்குங்கப்பா, ஆம்புலன்ஸ் வருது" என்பேன். ஆயாக்கா பதிலே சொல்லமாட்டார்.

எங்கள் பிள்ளைகள் எதிலும் ஏறுவார்கள். ஒருவன் கைகழுவும் சோப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவன். ஆகவே மருந்தை ஆபீஸ் அறை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவிக்கொத்து என் சட்டைப் பையில்.

"அவசரத்துக்குத் தேடுற மாதிரி ஆயிருங்க" என்றாள் மனைவி.

"என் பையிலதான இருக்கு? நான் எங்க போகப்போறேன்?"

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு மேல், பிள்ளைகளுக்குத் திராட்சை கொடுத்து முடித்திருந்தோம். அந்தக் குழந்தை பாயில் உட்கார்ந்திருந்தபடியே சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

என் மனைவி அவளை ஒருக்களித்துப் போட்டு, தலைக்கடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். ஆயாக்கா மற்ற பிள்ளைகளை வராண்டாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மணி பார்ப்பது அதிகாரியின் பொறுப்பு. பார்த்தேன். கடிகாரம் இருந்தது, முள் இரண்டும் இருந்தன, மணி மட்டும் என் தலைக்குள் ஏறவில்லை. நல்லவேளை, மனைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"நாலு நிமிசம். மருந்த எடுத்துக்கிட்டு வாங்க."

பீரோ முன் போய் நின்று பைக்குள் கையை விட்டேன். ஒரு பேனா, ஒரு மிட்டாய்த் தாள். சாவி இல்லை.

வேனுக்கு ஓடினேன். இல்லை. சமையலறை, இல்லை. அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். சாவி ஏன் அரிசிக்குள் போகும் என்று கேட்க அப்போது எனக்குள் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் செருப்பை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உதறினேன்.

"அஞ்சு தாண்டிருச்சுங்க!"

என் மனைவி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. திரும்பிப் பீரோவை உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கைப்பிடியில் போட்டேன். பீரோ கோயில் மணி மாதிரி ஒலித்தது, திறக்கவில்லை. இந்தப் பிள்ளை என் பூட்டினால் சாகப்போகிறது என்று நினைத்தேன். அதில் ஒரு சொல்கூட வேடிக்கைக்காக எழுதவில்லை.

சத்தம் கேட்டு ஆயாக்கா வந்தார்.

"என்னய்யா தேடுற?"

"சாவிக்கா! பீரோச் சாவி!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏய்யா, பாப்பா கையப் பாரு."

இறுகிய அந்தச் சின்ன முஷ்டிக்கு வெளியே என் சாவிக்கொத்தின் பிளாஸ்டிக் திராட்சைக்குலை தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்கா குடுத்தது?"

"நீதான்யா. பிள்ள சாஞ்ச ஒடனே பையிலருந்து எடுத்து நீதான வச்சு அமுக்குன?"

இன்று வரை எனக்கு அது நினைவில்லை. என் கை என்னிடம் கேட்காமல் செய்த காரியம். நான் தொட்டால் விரல் ஒடிந்துவிடும் என்று பயந்து நின்றேன். என் மனைவிதான் கட்டைவிரலை முதலில் நீவி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சாவி வந்தது. மருந்து வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் அடித்தாள். அப்போது எட்டு நிமிடம் தாண்டியிருந்தது.

பிறகு காத்திருந்தோம். இழுப்பு மெல்லத் தளர்ந்தது. நின்றது. குழந்தை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோட்டத்தருகே கடை வைத்திருக்கும் ஒரு மலையாளத்துக்காரர் மூலம் தகவல் போய், சாயங்காலம் அவள் அம்மா அங்கே வந்து சேர்ந்தாள். தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவினாள், கையைப் பிடித்தாள், உள்ளங்கையைத் திருப்பினாள். சாவிப்பல் அழுந்திய இடம் சிவந்து கன்றியிருந்தது.

"இது என்னண்ணே தடம்?"

என் வாய்க்குப் பொய்யா பஞ்சம்? பொம்மை என்றிருக்கலாம். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி டிரம் உட்பட.

"பூட்டுனீகளா?" என்றாள். "எம் பிள்ள மருந்தப் பூட்டுனீகளா?"

மகள் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். காலையில் பட்ட பயம் ஒரு தினுசு, இப்போது பட்டது வேறு தினுசு. இனி அனுப்பமாட்டாள். தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஏதாவது மரத்தடியில் போட்டு வைப்பாள். அங்கே வலிப்பு வந்தால் யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள் காலை, கேட்டில் நின்றேன். ஜீப் நின்றது. குழந்தையோடு இறங்கினாள். இன்னொரு கையில் ஒரு ஆணி, ஒரு சுத்தியல், ஒரு மஞ்சள் துணிப்பை. நேரே உள்ளே போய் நாற்காலியில் ஏறி, வாசல் நிலைக்குப் பக்கத்தில், எந்தப் பிள்ளைக்கும் எட்டாத உயரத்தில் ஆணியை அடித்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவசரப்படவில்லை. மருந்தையும் சீட்டையும் பையில் போட்டு மாட்டினாள்.

"இதுக்குப் பூட்டு கெடையாது" என்றாள் ஆயாக்காவிடம். என் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, சாவியத் தூக்கிக்கிட்டு அவ பக்கத்துல போகாதீக" என்றாள்.

சாவியை அன்றே மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது என் வேலை அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பது. வேனை எடுக்கும் முன், வேன் விட்டு வந்த பின், டீ குடிக்கும் முன், குடித்த பின். ஆயாக்கா ஒரு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"ஏய்யா, தேஞ்சுறப் போகுது" என்கிறார். நான் பதிலே சொல்வதில்லை.