ஆலமரத்தில் கட்டிய இளங்கொடி

எங்கள் பசுவுக்கு ஏழாம் மாதத்தில் கன்று விழுந்தது. செத்தே விழுந்தது. அயலில் இரண்டு வீடுகளிலும் அப்படித்தான். யாருடைய கண்ணூறு என்று அக்கராயன் ஊர் முழுவதும் ஆராய்ந்துகொண்டிருந்தது. எல்லாப் பசுக்களுக்கும் ஒரே நாம்பன்தான் மாப்பிள்ளை என்பதை ஒருவரும் ஆராயவில்லை.

கன்றின் பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடி, எங்கள் பேச்சில் இளங்கொடி, முழுதாக விழாமல் பாதியில் தொங்கியது. என் கை தடிப்பு, மகளின் கை சின்னது.

“அப்பா, கையுறை ஏதும் இருக்கோ?”

“நீ என்ன பெரியாஸ்பத்திரி டொக்டரோ? இழு பிள்ளை.”

சொன்னவன் விஞ்ஞானம் படித்தவன். கிருமிகளைப் பற்றிப் பரீட்சை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவன்.

அவள் இழுத்தாள். அதை வைக்கோலோடு உரப்பையில் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய்க் குளக்கட்டு ஆலமரத்தில் தொங்கவிட்டாள். பாலுள்ள மரத்தில் இளங்கொடியைக் கட்டினால் மாடு நிறையக் கறக்கும் என்பது எங்கள் வழக்கம். கன்றே இல்லாத மாட்டுக்கு அது எதற்கு என்று யோசிக்காமல் அனுப்பியவனும் நான்தான்.

ஒரு கிழமை கழித்து மிருக வைத்தியர், பசுவிடம் எடுத்துப்போன இரத்தத்தின் சோதனை முடிவோடு வந்தார்.

“கொடியை எங்க கிடங்கு வெட்டித் தாட்டனீங்கள்?”

குளக்கட்டுக்குக் கூட்டிப்போய் ஆலமரத்தைக் காட்டினேன். அயலவரின் பைகளும் அங்கே தொங்கின. ஒன்றை நாய் இழுத்து விழுத்தியிருந்தது. பக்கத்தில் ஊர் மாடுகள் படுத்து அசைபோட்டன.

“வருத்தத்தை மேல கட்டிப்போட்டு மாட்டைக் கீழ படுக்க விட்டிருக்கிறியள். வடிவான ஏற்பாடு,” என்றார். “இது புரூசெல்லா எண்ட கிருமி. கன்று அழிக்கிற வருத்தம். மனுசருக்கும் தொத்தும். எல்லாத்தையும் இறக்கிச் சுண்ணாம்பு போட்டு ஆழமாத் தாட்டுவிடுங்கோ. கொடியைத் தொட்டது ஆர்?”

“நான்தான்,” என்றேன். மகளை இழுக்கவிட்டது தெரியாத மனைவி பக்கத்தில் நின்றாள். வேறென்ன சொல்வது?

மூன்றாம் கிழமை மகளுக்குக் காய்ச்சல். பின்னேரம் ஏறும், விடிய வேர்த்து இறங்கும். முதுகு நோகிறது என்று கதிரையில் இருக்கக்கூட மாட்டாள். கிளிநொச்சியில் டொக்டர் பெண்பிள்ளை, “டெங்கு இல்லை. வீட்டில மாடு கீடு இருக்கோ?” என்று கேட்டார்.

மகள் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அப்பனைக் காப்பாற்றுகிறாளாம். நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

“கொடியை இழுத்தது இவள்தான். கையுறை கேட்டவள். நான்தான் தேவையில்லை எண்டனான்.”

“படிச்ச மனுசன்,” என்றாள் மனைவி. டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு இரத்தச் சோதனைக்கு எழுதினார்.

அதேதான் என்று முடிவு வந்தது. ஆறு கிழமைக்கு விழுங்கக் குளிசை தந்தார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. ஆனாலும் நாளுக்கு ஐந்து தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

“மாட்டடியால வாறியள். கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ அப்பா.”

கழுவிவிட்டு வருகிறேன்.