முதுகில் கொக்கு

தொமோயே பயந்த சுபாவக்காரி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவாள். முன்பு வங்கிக் கவுன்ட்டரில் வேலை பார்த்தபோது யாராவது சற்றுக் குரலை உயர்த்திவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அந்த வேலையை விட்டு ஷிமோகிதாசாவாவில் கோந்தோவின் பழைய துணிக்கடைக்கு வேலைக்கு வந்ததே, இங்கே தப்பு நடந்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது, கிழிந்த சட்டையைக் கிழிந்த சட்டை என்று சொல்லித்தானே விற்கிறோம் என்ற தைரியத்தில்தான்.

அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் விழுந்தது.

கார்த்திகைக் குளிர். தெருவில் கூட்டம் நெரிந்தது. கோந்தோ புது மூட்டை எடுக்கக் கிடங்குக்குப் போயிருந்தார். கடையில் தொமோயே மட்டும். பிள்ளைகள் நாலாபக்கமும் துணி மாட்டிய கம்பிகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பெண் கல்லாவுக்கு வந்தாள். குட்டை முடி, அதன் நுனியில் மட்டும் புல் பச்சை, காலில் செங்கல் உயர அடியுள்ள பூட்ஸ். கையில் ஒரு நீல ஜீன்ஸ் கோட்டு.

"அக்கா, இதுல விலைச் சீட்டையே காணோமே."

தொமோயே கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகு முழுக்க ஒரு கொக்கு. மின்கம்பியில் ஒற்றைக் காலில் நின்றது. அச்சு இல்லை, யாரோ கையால் வரைந்தது. இப்படி ஒன்று கடைக்கு வந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் மூட்டை மூட்டையாக வருகிற இடத்தில் எதைத்தான் நினைவு வைத்துக்கொள்வது? சீட்டு அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மனதுக்குத் தோன்றிய ஒரு விலையைச் சொன்னாள்.

"பையில வேணாம்க்கா. இப்பவே போட்டுக்கிட்டு ஹராஜுகு போறேன். அங்க தெருவுல ஃபேஷன் போட்டோ எடுக்குறவங்க நிப்பாங்க. இந்தக் கொக்கைப் பாத்தா விடவே மாட்டாங்க!" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, துணி மாற்றும் அறையின் திரை விலகியது. அறுபதை எட்டும் ஒரு மனிதர், கடையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தோடு வெளியே வந்தார். பக்கத்துக் கம்பியைப் பார்த்தார். ஒவ்வொரு உடுப்பாக நகர்த்தினார். மறுபடியும் முதலிலிருந்து நகர்த்தினார்.

"என்ன ஐயா தேடுறீங்க?"

"உள்ள கொக்கி ஆடுச்சும்மா. அதான் என் கோட்டை இதுல மாட்டினேன். ஜீன்ஸ் கோட்டு. முதுகுல கொக்கு இருக்கும்."

 அந்தக் கொக்கி ஆடுவது தொமோயேவுக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஐயா... நான்... அதை வித்துட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை. அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பெயர் குராமோச்சி என்றார். ரயிலேறிப் போக வேண்டிய சோஷி ஊரில் சோயா சாஸ் ஆலையில் வேலை. மகன் யூசாகு துணியில் படம் வரைவேன் என்று ஆலை வேலையை உதறினான். வீட்டில் பெரிய சண்டை. "வெளியே போடா" என்று இவர் சொன்னார். அவன் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வரைந்த கோட்டு மட்டும் வீட்டு ஆணியில் தொங்கிக் கிடந்தது.

"ஷிமோகிதாசாவாவுல அவனைப் பாத்தேன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதான் லீவு நாளெல்லாம் அதைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடப்பேன். எனக்கு அவனை அடையாளம் தெரியாமப் போகலாம், இப்பல்லாம் எல்லாப் பசங்களும் ஒரே மாதிரிதான் இருக்காங்க. ஆனா கொக்கு அவன் கண்ணுல படுமில்ல?"

தொமோயே எதிர்ச்சாரிக் கறி சாதக் கடைக்கு ஓடினாள். "ஃபுசகோ அக்கா, கொஞ்ச நேரம் கடையைப் பாத்துக்குங்க, காலைப் பிடிச்சுக் கேக்குறேன்!"

"காலை விடு, கரண்டியை வச்சுட்டு வரேன். யாரையாவது கொன்னுட்டியா? மூஞ்சி அப்படி இருக்கு," என்றாள் ஃபுசகோ.

ரயிலில் ஷிபுயா போகும்வரை தொமோயே உட்காரவில்லை. அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருந்தால்? கைமாற்றி விற்றிருந்தால்? முதலாளிக்கு என்ன சொல்வது? ஷிபுயாவில் இறங்கி, பூனைத்தெரு என்கிற கடைவீதி வழியாக ஹராஜுகு பக்கம் ஏறக்குறைய ஓடினாள். நடுவில் ஒரு ஷூக் கடை வாசலில் ஏதோ புது ஷூவுக்காகப் பிள்ளைகள் சுவரோரம் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நெடுக ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனாள். புலி இருந்தது, மண்டையோடு இருந்தது, கொக்கு இல்லை. "அக்கா, வரிசையில புகுறதா இருந்தா பின்னாடி போங்க," என்று ஒருவன் சத்தம் போட்டான். அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள்.

பெரிய நாற்சந்தியில், வழக்கமாகப் படம் எடுப்பவர்கள் கேமராவோடு நின்றிருந்தார்கள். கழுத்துப்பட்டையில் பூ தைத்த சட்டைக்காரன் ஒருவனிடம் போய், "கொக்கு... முதுகுல..." என்று திக்கினாள்.

"பச்சை முடி பொண்ணா? எடுத்தேனே! திரும்பு திரும்புன்னு முதுகைத்தான் எடுத்தேன். மூஞ்சியை எடுக்கலைன்னு கோவிச்சுக்கிட்டா. அந்த சந்துல க்ரீம் சுருட்டின க்ரேப் திங்கப் போனா, பாருங்க."

சந்தில் அவள் இருந்தாள். கோட்டும் அவள் மேலேயே இருந்தது. தொமோயே நடந்ததைச் சொல்லி, இடுப்பு மடியக் குனிந்து, திருப்பித் தரும்படி கெஞ்சினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் அன்ரி. க்ரேப்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா இது, இன்னிக்கு எல்லாரும் என் கோட்டுக்கே உயிரை விடுறீங்க! இப்பத்தான் ஒருத்தன் வந்தான். இங்க எங்கயோ டி-ஷர்ட்டுக்கு அச்சடிக்கிற கடையில வேலையாம், கையெல்லாம் சாயம். 'இது ஏது உனக்கு?'ன்னான். வாங்கினேன்னு சொன்னேன். எந்தக் கடைன்னான். சொன்னேன். ஆளு அப்படியே வெளுத்துட்டான். 'அப்ப அப்பா போயிட்டாரா'ன்னு என்னைக் கேக்குறான்! எனக்கு எப்படித் தெரியும்? ஓடியே போயிட்டான்."

முதலில் தொமோயேவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆள் செத்தால் வீட்டைக் காலி செய்வார்கள். காலி செய்கிற வீட்டுத் துணிதான் மூட்டையாகக் கட்டி இவர்கள் கடைக்கு வரும். அப்பா வீட்டு ஆணியில் தொங்கிய கோட்டு பழைய துணிக்கடையில் விலைக்கு வந்ததென்றால், ஒரு மகன் வேறென்ன நினைப்பான்?

"உன் கோட்டைக் கழட்ட வேணாம். என்கூட வா," என்றாள். இவ்வளவு அதிகாரமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

அன்ரியும் மறுபேச்சுப் பேசாமல் செங்கல் பூட்ஸோடு தடதடவென்று கூடவே ஓடிவந்தாள். ரயிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, அவர் நிஜமாவே உயிரோடதானே இருக்கார்?" என்று கேட்டாள்.

"நான் கிளம்பும்போது இருந்தார்," என்றாள் தொமோயே. சொன்ன பிறகு அதுவும் அவளுக்குக் கவலையாகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம் எவ்வளவு வெளுத்திருந்தது!

கடையில் ஃபுசகோ மட்டும்தான் இருந்தாள். முக்காலி காலி.

"பெரியவர் எங்கக்கா?"

"குளிர்ல நடுங்குனார், கறி சாதம் குடுத்தேன். சாப்பிட்டார். உன்னை இன்னும் காணோமேன்னு ஸ்டேஷன் பக்கம் போனார். அவர் போன கையோட ஒரு பையன் வந்தான். கொக்குக் கோட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? பெரியவர் எங்கிட்ட கோட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல. 'எங்கேர்ந்து வரும் தம்பி, செத்தவங்க வீட்டுலேர்ந்துதான் பாதி வரும்'னேன். அப்படியே வாயைப் பொத்திக்கிட்டு ஓடிட்டான். ஏன், தப்பா?"

தொமோயே அன்ரியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஸ்டேஷனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல். அப்பா ஒரு வாசலிலும் பிள்ளை ஒரு வாசலிலுமாக நின்றால்? பிள்ளை சோஷிக்கு ரயிலேறிவிட்டால்? பூட்டிய வீட்டைப் பார்த்து அவன் என்ன ஆவான்?

"அதோ! அவன்தான்!" என்று அன்ரி கத்தினாள்.

டிக்கெட் வாசலுக்குப் பக்கத்தில் ஒல்லியான ஒருவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தான். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. துண்டித்துவிட்டு மறுபடி அடித்தான். விரலெல்லாம் சாயம்.

தொமோயே அவன் எதிரில் போய் நின்றாள். பேர் சொல்ல வேண்டும், யார் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. "சாகல," என்றாள். "சாகல, சாகல. உங்கப்பா சாகல. நான்தான் தப்பா வித்துட்டேன். இங்கதான் இருக்கார்."

அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே அவளோடு நடந்தான்.

குராமோச்சி மறுபக்க வாசலில், போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். முதலில் அன்ரியைத்தான் பார்த்தார். விறுவிறுவென்று வந்து கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தார். "கெடச்சுருச்சா... ரொம்ப நன்றிம்மா," என்று தொமோயே பக்கம் திரும்பினார். அவள் பின்னால் மகன் நின்றான்.

 கூட்டம் இரண்டு பக்கமும் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏன் வீட்ல போன் எடுக்கல?" என்று யூசாகு கோபமாகக் கேட்டான்.

"நான் இங்கதானே இருக்கேன்."

"இங்க என்ன பண்ற?"

"சட்டை வாங்க வந்தேன்."

"என் கோட்டைப் போட்டுக்கிட்டா?"

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நீ மெலிஞ்சுட்டே," என்றார். யூசாகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சாயக் கையாலேயே கண்ணைத் துடைத்தான். கன்னத்தில் நீலம் இழுத்தது.

அன்ரி மூக்கை உறிஞ்சியபடி கோட்டைக் கழற்றி நீட்டினாள். "எனக்கு இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு தரணும். கொக்கு வேணாம், அது உங்க குடும்பத்துப் பிரச்சனை. ஆந்தை வரைங்க." யூசாகு தலையாட்டினான்.

அப்பாவும் பிள்ளையும் கோட்டை யார் தூக்குவது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்கள். போகிற வழியிலேயே சண்டை பிடித்துக்கொள்வார்களோ என்று தொமோயே எட்டி எட்டிப் பார்த்தாள். அவர்கள் மறைந்த பிறகுதான் நினைவு வந்தது. பெரியவர் கடையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

மாலையில் கோந்தோ வந்ததும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, வேலை போயிற்று என்று கைகட்டி நின்றாள். அவர் மூட்டையை இறக்கிவைத்து, துணி மாற்றும் அறைக்குள் போய், கொக்கியை ஆட்டிப் பார்த்தார். "சீட்டு இல்லாததை இனிமே விக்காதே," என்றார். "ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?"

அடுத்த ஞாயிறு யூசாகு கம்பளிக் கோட்டை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அப்பாகூடப் பேசுறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் தொமோயே.

"தினம் போன் பண்றார். 'சோறு தின்னியா'ன்னு கேப்பார், வச்சுருவார். ஆலையில இடம் காலியா இருக்குன்னு நேத்து மறுபடி ஆரம்பிச்சுட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். ஆனா புது வருஷத்துக்கு வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். பாப்போம்."

அவன் போய்விட்டான். புது வருஷத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. போனால் வாயை அடக்கிக்கொண்டு இருப்பானா, அவர்தான் சும்மா இருப்பாரா என்று தொமோயே அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.