கோமதி மேடம் காலி செய்த கிடங்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்டுக்கான சரக்கை இறக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. கோமதி மேடம் பெங்களூரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். புற்றுநோய் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. லாரிக்காரர் சீட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓசூரை அடுத்து, சூளகிரி போகும் சாலையில் இருக்கும் எங்கள் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அவர் மேலாளராக வந்தது இரண்டாயிரத்து நான்கில். திருநெல்வேலிக்காரர். நான் கிடங்குப் பொறுப்பாளன், வயதிலும் மூத்தவன். மாதக்கணக்கில் சரக்கு சேர்த்து வைத்திருப்பதுதான் என் பெருமை. முதல் வாரமே கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாணிக்கம் சார், நாளைக்கு வருமோ வராதோன்னு பயந்துல்லா இத்தனையும் அடுக்கி வச்சிருக்கோம்."

அன்றைக்கு வேண்டிய சரக்கு அன்று காலையிலேயே வர வேண்டும், நேராக உற்பத்தி லைனுக்குப் போக வேண்டும். சப்ளையர்கள் குறைவாக, பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதுதான் அவர் திட்டம்.

"லைன் நின்னுச்சுன்னா யாரு மேடம் பதில் சொல்றது?" என்றேன்.

"நான் சொல்லுதேன்."

ஒருநாள் நின்றது. வந்த சரக்கைத் தப்பாக எண்ணியது நான். நிர்வாகத்தின் முன்னால் அவர்தான் தலைகுனிந்து நின்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை. அதன் பிறகு நான் அவரோடு வாதாடவில்லை.

பாகலூரில் சின்னப் பட்டறை வைத்து எங்களுக்குக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் செய்து தந்தவர் நாராயணப்பா. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் கன்னடம், எங்களிடம் தமிழ். தொழிற்சாலைக்குப் பக்கமாகச் சூளகிரிக்கே வந்துவிடும்படி மேடம்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். "உங்கள நம்பித்தானம்மா வர்றேன்" என்று மற்ற கம்பெனிகளை விட்டுவிட்டு வந்தார்.

பிறகு வண்டி விற்பனை படுத்தது. கிளாம்ப் முழுவதையும் ஒரே பெரிய கம்பெனியிடம் வாங்கத் தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. மேடம் இரண்டு முறை நேரில் போய்ப் பேசினார். திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "சப்ளையரக் குறைக்கணும்னு நான் எழுதுன விதியையே எனக்கு வாசிச்சுக் காட்டுதாங்க சார்."

சூளகிரிக்கு என்னையும் அழைத்துப் போனார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே நாராயணப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "இந்த மிஷினுங்கள எங்கம்மா கொண்டு போவேன்?" என்று மட்டும் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மேடம் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன், போனில் சொல்லியிருக்கலாமே என்று.

"போன்ல சொன்னா நமக்குச் சுளுவா இருந்திருக்கும். அதனாலதான் சார் வந்தேன்."

பல வாரங்கள் நாராயணப்பாவுக்காக மேடம் கம்பெனி கம்பெனியாகப் பேசிப் பார்த்தார். எங்கும் ஆர்டர் இல்லை. நாராயணப்பா இயந்திரங்களை விற்றுவிட்டு, இப்போது வேறொரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறார். மேடத்தின் திட்டமோ பிசகில்லாமல் ஓடுகிறது.

போன மாதம், ஒப்பந்தத் தொழிலாளர் நான்கு பேரை நிறுத்தும்படி எனக்கு உத்தரவு வந்தது. தடுக்க முடியவில்லை. அறிவிப்பு ஒட்டினால் போதும் என்றார்கள். ஒட்டவில்லை, ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றேன். கோமதி மேடத்திடமிருந்து எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.