நேரான முதுகு

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் பால்கனியில் பலூன் மொலி மீன் வளர்த்து விற்றுவந்தேன். முதுகெலும்பு வளைந்து, வயிறு உருண்டு பிறக்கும் குஞ்சுகளுக்குத்தான் கிராக்கி. அவற்றையே சோடி சேர்ப்பேன். நேரான முதுகோடு பிறப்பவற்றைப் பெரிய மீன்களுக்கு இரையாகப் போட்டுவிடுவேன்.

மனைவியின் ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பொரளைக்குப் போனோம். வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த டொக்டர், ஓரிடத்தில் நிறுத்தித் திரையையே பார்த்தார். நான் திரைக்குக் கிட்டப் போனேன்.

"ஏதும் பிழையோ டொக்டர்?"

"முள்ளந்தண்டு வடிவாத் தெரியேல்லை. பிள்ளை திரும்பட்டும், பார்ப்பம்."

பிள்ளை திரும்பும்வரை, நேராக இருக்கவேண்டும் என்று மட்டும் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

"நேராத்தான் இருக்கு. பயப்பிடாதேங்கோ."

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும், பழக்கதோஷத்தில் குஞ்சுகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். வளைந்த குஞ்சொன்று மேலே வர முடியாமல் உடம்பை உதறி உதறி நீந்தியது. அதை விட்டுவிட்டு, நேரானவற்றை வலையில் அள்ளினேன்.

உள்ளே மனைவி தன் தாயோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அம்மா, முள்ளந்தண்டு நேரா இருக்காம். இப்பதான் எனக்கு உயிர் வந்தது."

என் கையிலிருந்த வலைக்குள் குஞ்சுகள் துள்ளின. வலையைக் குஞ்சுத் தொட்டிக்குள்ளேயே திரும்பக் கவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் மீன் பிரிக்க முடியவில்லை.