மாடம்மாள் சொன்ன நன்றி

மாடம்மாளுக்கு மேடையில் கடைசி இடம் கொடுத்தவன் நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பெயர் நாகேஸ்வரன். வலியசாலை அக்ரகாரத்துக்காரன், நகரத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. எழுபத்திரண்டில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து சிறு விவசாயிகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தோம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அதிகாரியைக் கண்டால் வாயடைத்து நிற்கிறார்களே, அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்று ஆசை. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வித்துரா போவேன். அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் ஒரு குன்று. மரச்சீனிக் கிழங்கை வெட்டிக் காயப்போடும் பாறைதான் எங்கள் வகுப்பறை. ஒருவர் பேச, மற்றவர்கள் பாறையின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பார்கள். குரல் வந்து சேரவில்லை என்றால் கையைத் தூக்குவார்கள்.

மாடம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவள். பிறகு முக்கால் ஏக்கரில் மரச்சீனியும் நல்லமிளகும் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவன் இசக்கிப்பாண்டி இறந்துபோயிருந்தான். அதற்குமேல் எனக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது. வகுப்புக்கு ஒரு நாள் தவற மாட்டாள், ஆனால் எழுந்து நின்றால் தன் பாதத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அவள் முகத்தை நிமிர்த்தவே எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

குன்றுக்காரர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பாலம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் சந்தையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை அடிக்கல் நாட்டி, மாலை போட்டு, சோடா குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எழுபத்து மூன்று மார்ச்சில் மூன்றாவது கல்லோடு பெரிய எஞ்சினீயர் வருவதாகத் தகவல் வந்தது. மூன்றாவதும் வெறும் கல்லாகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். கூட்டத்தைச் சங்கமே நடத்தட்டும், நம் ஆட்களே பேசட்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த மலையாளத்து ஊர்க் கூட்டங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஸ்வாகதம் என்ற வரவேற்பு, அத்யக்ஷன் என்ற தலைவரின் பேச்சு, உத்காடனம் என்ற தொடக்கம், ஆசம்சை என்ற வாழ்த்து, கடைசியில் நன்றி. நன்றி வருவதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். அதனால்தான் அதை மாடம்மாளிடம் கொடுத்தேன். யார் உளறினாலும் கெட்டுப்போகாத இடம் அது ஒன்றுதான்!

"எல்லாருக்கும் நன்றின்னு மழுப்பப்படாது மாடம்மா," என்று பாறையில் வைத்து அழுத்திச் சொன்னேன். "ஆள் பேரைச் சொல்லணும். அவர் என்ன செஞ்சார்னு சொல்லணும். தேதி தெரிஞ்சா தேதியும் சொல்லுங்கோ."

"சரி சாரே," என்றாள்.

கூட்டத்தன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எஞ்சினீயர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது மாடம்மாள் மைக் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை.

"பகுமானப்பட்ட எஞ்சினீயர் சாருக்கு நன்றி. அறுபத்தெட்டில நீங்க ஒரு கல்லு போட்டீங்க. வெள்ளத்தில உருண்டு எங்க கரைக்கு வந்திச்சு. அதிலதான் நான் துணி துவைக்கேன். நல்ல கல்லு, கேட்டோ."

கூட்டம் சிரித்தது. கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள்.

"எழுபது ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ரெண்டாவது கல்லு போட்டீங்க. ஜூலையில எம் புருசன் இசக்கிப்பாண்டியைப் பாம்பு கடிச்சிது. ஆத்தில வெள்ளம். அக்கரையில ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பு நிக்கி. இக்கரையில அவரை அந்தக் கல்லில சாச்சு உக்கார வச்சிருந்தோம். வெள்ளம் வடியல. சாயங்காலம் அங்கனயே உசுரு போச்சு. அவர் சாஞ்சுக்கிட ஒரு கல்லு தந்ததுக்கு நன்றி."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எஞ்சினீயர் கையிலிருந்த சோடா பாட்டிலைக் கீழே வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் இந்த மனுஷியோடு ஒரே பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்!

அவளோ எரிந்து பேசவில்லை, அழவில்லை. சொல்லிக்கொடுத்ததைப் பிசகில்லாமல் செய்த நிம்மதியோடு இறங்கி வந்தாள்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்க கேக்கலையே சாரே," என்றாள்.

கூட்டம் முடிந்ததும் நாட்டுவதற்காக மூன்றாவது கல் ஜீப்பின் பின்னால் மாலையோடு கிடந்தது. குன்றுக்காரர்கள் அதை இறக்க விடவில்லை. "கல்லு வேண்டாம், பாலம் தந்தா மதி, அது போதும்" என்று வழியை மறித்து நின்றார்கள். எஞ்சினீயர் கல்லோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு மாதாமாதம் மாடம்மாள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். எஞ்சினீயர் ஆபீஸ் வராந்தாவில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நான் அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு சங்கத்துக்கு அவளையே தலைவியாக்கினார்கள். எழுபத்தைந்தில் மழைக்கு முன்னால் பாலம் வந்தது.

திறப்பு விழாவில் தலைவி நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொத்தனார்வரை ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஒரு பேரு விட்டுப்போச்சு. நாகேஸ்வரன் சாரு. எட்டு மாசம் எனக்கு நிக்கவும் நிமிந்து பாக்கவும் சொல்லித் தந்தாரு. எம் புருசன் எப்படிச் செத்தாருன்னு மட்டும் ஒரு நாளும் கேக்கலை. கேட்டிருந்தா அந்தப் பாறையிலயே அழுது தீத்திருப்பேன். மேடையில சொல்ல ஒண்ணும் மிஞ்சியிருக்காது. சாருக்கு நன்றி."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.