விபூதி போட்டுத் தேய்த்த அமெரிக்க வெள்ளிக் காசு

டிங்... என்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும். நல்ல வெள்ளிக் காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினால் வருகிற சத்தம். காலேஜ் இரண்டாம் வருஷம் முழுக்க என் காதில் அதுதான். அதுவும் யூடியூப் சத்தம்.

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு பழைய அமெரிக்க டாலர் காசுகள் மேல் பைத்தியமாக இருந்தேன். கையில் ஒன்றுகூடக் கிடையாது. எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, என்ன கிரேடு, எந்த அச்சில் அடித்தது... எல்லாம் போனில் கற்றுக்கொண்டதுதான். திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடியே ஜூம் பண்ணிப் பார்ப்பேன்.

"இன்னாடா, டெய்லி கழுகு மூஞ்சியே பாத்துக்னு வர?" என்பான் கிளாஸ்மேட் தரணி. தொண்டூர்க்காரன்.

அவன் அம்மாவிடமே அப்படி ஒன்று இருப்பதாக ஒரு நாள் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை மிதித்தேன்.

கரேல் என்று ஒரு பெரிய காசு. டிரேட் டாலர்... கிழக்கு நாடுகளில் வியாபாரம் பண்ணுவதற்கென்றே அமெரிக்கா அடித்த வெள்ளி. மேலே சீன வியாபாரிகள் சோதித்துக் குத்திய குட்டி முத்திரைகள். தரணி அம்மாவின் தாத்தா கப்பலேறிப் போய் சைகோனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துவிட்டுக் கொண்டுவந்ததாம்.

"எங்க நாத்தனா இத ஈயம்ன்றா. எங்க தாத்தா கப்பலே ஏறலியாம், கத உட்டாராம். வெலையெல்லாம் வேணாம்பா, நெசம்னு மட்டும் சொல்லு. அடுத்த வாரம் பெரியவளுக்கு வளகாப்பு. அவளும் வருவா. எல்லார் எதுர்லயும் காட்டணும்."

காசை இரவலாக வாங்கி வந்தேன். பத்தர் கடைத் தராசில் எடை சரியாக இருந்தது. மிச்சம் அச்சுதான். கழுகின் நகத்துக்குக் கீழே ஒரு சின்னப் பழம் இருந்தால் முதல் அச்சு, இல்லாவிட்டால் இரண்டாவது. காசிலுள்ள வருஷத்தோடு அது பொருந்த வேண்டும். ஆனால் அந்த இடம் முழுக்கக் கறுப்பு அடைத்திருந்தது.

பழைய காசைச் சுத்தம் பண்ணாதே என்று நூறு இடத்தில் படித்திருந்தேன். அதெல்லாம் கெமிக்கலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்... எங்கள் வீட்டில் குங்குமச் சிமிழ் கறுத்தால் விபூதி போட்டுத்தான் தேய்ப்பார்கள். விபூதி என்ன பண்ணிவிடும்?

தேய்த்தேன். பழம் தெரிந்தது. போட்டோ எடுத்து, காசு சேர்ப்பவர்களின் ஆன்லைன் ஃபோரமில் போட்டேன். அச்சு பொருந்துகிறது, காசு அசல்தான், ஆனால் தேய்த்துவிட்டாய், இனி இதற்கு கிரேடு கிடையாது என்று பதில் வந்தது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுக் குதித்தேன்.

வளைகாப்பில் நாத்தனார் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

"இன்னா அண்ணி, போன வாரம் வாங்கனதா? பில்லு கீதா?"

கூடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் போனை நீட்டி, அச்சு, பழம் என்று ஏதேதோ சொன்னேன்.

"அந்தத் தட்டுலயும் பழம் கீது தம்பி. துண்ணு."

தரணி அம்மா காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "நீ சாப்ட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

இப்போது என்னிடமே நாலு டாலர் காசு இருக்கிறது. காசு சேர்ப்பவர்கள் குரூப்பில் தினமும் யாராவது போட்டோ அனுப்பி கிரேடு கேட்கிறார்கள். பாதிப் பேர் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். 'தேய்க்காதீங்க' என்று டைப் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது. ஒரே ஒரு காசைப் பார்க்க அன்றைக்கு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தவன், இப்போது ஜூம் பண்ணக்கூடச் சோம்பல் படுகிறேன்...

போன வாரம் தரணி ஒரு போட்டோ அனுப்பினான். அதே காசு. ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் ஏறியிருக்கிறது.

"பழையபடி கறுக்க எவ்ளோ நாளு ஆவும்னு அம்மா கேக்குது."

நம் ஆயுசில் ஆகாது. அப்படி எழுதி, அழித்துவிட்டேன்.

"ஆவும்டா. டைம் எடுக்கும்."

"செரி. ரெண்டு பக்கமும் காத்து படட்டும்னு டெய்லி திருப்பித் திருப்பி வெக்கிது."