கொக்கியை மூட ஒரு பட்டன்

நான் வேலை பார்த்த சட்டை யூனிட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. செய்கிற வேலைதான் பெயர். பாக்கெட் தைப்பவள் பாக்கெட், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பவள் காஜா, பட்டன் தைத்த நான் பட்டன். நான் சொல்ல வந்தவள் காலர். என்னைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் நான் மட்டும் கூட ஒரு ‘அக்கா’ சேர்த்துக்கொள்வேன். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

முதலில் அவளை உட்கார வைத்தது காலரில் இல்லை, குழந்தைச் சட்டைக்கு ப்ரஸ் பட்டன் அடிக்கிற மெஷினில். மூன்றே மாதத்தில் விரல் நுனியெல்லாம் வெடித்து நீர் வடிய ஆரம்பித்தது. சூப்பர்வைசர் அவளுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்றார். அந்த ஆளுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அவள் வாதாடவில்லை. ஒரு நாள் லீவு போட்டுத் தோல் டாக்டரிடம் போனாள். அவர் இவள் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தாராம். ஒன்றின் அடியில் மட்டும் தோல் சிவந்து தடித்திருந்தது. நிக்கல். பளபளப்பாக இருக்கிற மலிவான சாமான் எதிலும் அது இருக்கும், தோலில் படவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டு, அன்றே காலர் டேபிளுக்கு வந்து உட்கார்ந்தாள். பிறகு இருபது வருஷம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

அவள் வைக்கும் காலர் ஆயிரத்தில் ஒன்றுகூடத் திரும்பி வராது. ஊரார் கழுத்துக்கெல்லாம் அழகு பார்த்தவளின் கழுத்து மட்டும் மொட்டையாக இருக்கும். அதுவும் நல்ல நீளமான கழுத்து. எனக்கெல்லாம் தலைக்கும் தோளுக்கும் நடுவில் ஆண்டவன் இடம் விட மறந்துவிட்டான், அதனால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

“தங்கம் ஒத்துக்கும்தானே அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்குத் தங்கம் ஒத்துக்கும். தங்கத்துக்குத்தான் என்னை ஒத்துக்கல,” என்றாள்.

இருந்த கொஞ்சத்தையும் மகளின் படிப்புக்காக விற்றிருந்தாள். புருஷன் பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்ட வீடு. அந்த மகளை நாங்கள் சின்னக் காலர் என்போம். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிட்டுக்கு வந்து என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். என்னைச் சித்தி என்பாள்.

அந்தப் பெண் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போனாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கி வந்தாள். வெள்ளி மாதிரி மின்னும் மெல்லிய சங்கிலி, நடுவில் ஒரு குட்டி இலை. வெள்ளி இல்லை என்பது அக்காவுக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கடைக்காரன் மகளிடம் என்ன சொல்லி விற்றானோ.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள்.

“உங்களுக்கு ஆகாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிடி சொல்றது? எனக்கு நகைன்னாலே பிடிக்காதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லி வச்சிருக்கேன். அவ அதை நம்பவே இல்ல. தன்னைப் படிக்க வச்சதாலதான் அம்மா கழுத்துல ஒண்ணும் இல்லன்னு இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்திருக்கா. நேத்து இதைப் போட்டுவிட்டுட்டு அழுதுட்டா.”

போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்திருக்கிறாள். கழுத்தைச் சுற்றிச் செந்தடம். மகள் பார்க்காமல் கழற்றி வைத்துவிட்டாள். மகளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது, ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். “நான் கிளம்புற அன்னைக்கு இதைப் போட்டுக்கிட்டு வந்து நில்லும்மா,” என்று கேட்டிருந்தாள். சரி என்றும் சொல்லியாயிற்று. பதினோரு நாள் இருந்தது.

“அவ நிம்மதியா வண்டி ஏறணும். அவ்வளவுதான் எனக்கு,” என்றாள் அக்கா.

சங்கிலிக்கு நெயில் பாலிஷ் அடிக்கலாம் என்று மேதாவி மாதிரி யோசனை சொன்னது நான்தான். நிறமில்லாத பாலிஷை மூன்று பூச்சு பூசினேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். வியர்வையில் பூச்செல்லாம் செதில் செதிலாக உதிர்ந்து, சாயங்காலத்துக்குள் கழுத்து பழையபடி சிவந்துவிட்டது. திங்கட்கிழமை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு தன் வழிக்கே வந்தாள். நாங்கள் அப்போது தைத்துக்கொண்டிருந்த சட்டையின் இளநீலத் துணியில் வெட்டுத் துண்டு எடுத்து, உள்ளே காலருக்கு வைக்கிற கேன்வாஸிலேயே மெல்லியதாகப் பார்த்து வைத்து, பென்சில் பருமனுக்கு ஒரு நீளக் குழாய் தைத்தாள். அதற்குள் சங்கிலியை நுழைத்தாள். நடுவில் ஊசிக்கண் மாதிரி ஒரு ஓட்டை விட்டு, அதன் வழியாக இலை மட்டும் வெளியே ரவிக்கை மேல் தொங்கும்படி செய்தாள். பின்கழுத்தில் கொக்கி வரும் இடத்தில் துணியையே சின்ன நாக்கு மாதிரி நீட்டி விட்டாள். கொக்கியை மாட்டியதும் நாக்கை அதன் அடியில் கொடுத்துச் சுற்றி மூடிக்கொள்ள வேண்டும். துணிதான் தோலில் படும், உலோகம் படாது. மகள் கேட்டால் புது ஃபேஷன் என்று சொல்லிவிடுவதாக உத்தேசம். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, கடையில் விற்றால் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் யூனிட்டில் ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. காலர் முடிந்தால் பட்டன் வர வேண்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து அனுப்பிவிடுவாள். பட்டன் என் பாடு. அன்றும் நாக்கு நுனியில் பட்டனை மாட்டுகிற காதை மட்டும் தைத்து, எதிரே ஒரு புள்ளியும் வைத்து, பையில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருஷமாகச் சொன்னதில்லையே. நான் எடுத்துப் பார்த்தேன். சங்கிலிக்குத்தான் கொக்கி இருக்கிறதே, இதற்கு எதற்குப் பட்டன் என்று நினைத்தேன். புள்ளியைப் பழைய குறி என்று நினைத்து விரலால் தட்டிவிட்டு, பையை அவள் மேஜையிலேயே திருப்பி வைத்தேன். அவளும் பிரித்துப் பார்க்கவில்லை. என் மேஜையிலிருந்து வந்ததை அவள் என்றைக்குச் சரிபார்த்தாள்?

ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். சின்னக் காலர் அம்மாவின் கழுத்தைப் பார்த்து, பார்த்து, இலையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா நிமிர்ந்து நின்றாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. பட்டன் இல்லாததை வீட்டில் கிளம்பும்போதுதான் கவனித்து, நேரமில்லாமல் நாக்கை உள்ளே சொருகிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்த வழியில் அது நழுவிவிட்டது. வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது மகள் கட்டிப்பிடித்தாள். பிடித்த கை பின்கழுத்தில் நின்றுவிட்டது.

“என்னம்மா இது, இப்படித் தடிச்சிருக்கு?”

“ஒண்ணுமில்ல, வேர்க்குரு.”

அவள் அம்மாவைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். கொக்கி அளவுக்கு ஒரு சிவப்பு, அதைச் சுற்றிப் பொரிப் பொரியாக. பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் அன்றைக்கு வாய் வந்திருக்காது. நிக்கல், பிளாஸ்திரி, டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

“அப்ப பணம் இல்லாததால இல்லையா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“பணமும் இல்லதான். ஆனா அதுக்காக இல்லடி. உன்னால எனக்கு ஒரு குறையும் வரல.”

அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கொக்கியைக் கழற்றி, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். சங்கிலி குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, இலை தனியே அவள் மடியில் விழுந்தது. இரண்டையும் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வெறும் நீலக் குழாயை அம்மாவின் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். நாக்கும் காதும் இருந்தன, மாட்டத்தான் ஒன்றும் இல்லை.

“சித்தி, பட்டன்?”

ஊசியும் நூலும் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. பட்டனுக்கு நான் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டைக் கையிலிருந்ததையே பல்லால் கடித்து எடுத்தேன். நூல் கோக்கவே இரண்டு தடவை தவறியது. ஒரு நாளைக்கு நானூறு பட்டன் தைக்கிற கை. புள்ளியைத்தான் நானே அழித்துவிட்டேனே, குத்துமதிப்பாக வைத்துத் தைத்தேன். முடிச்சுப் போட்டு நூலை அறுப்பதற்கும் வண்டி கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. அவள் ஓடிப்போய் ஏறி, கதவில் நின்றபடி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அக்கா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வண்டி மறைந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

யூனிட்டை இழுத்து மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா இப்போது மகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவார்கள். அக்கா தலை முழுக்க வெளுத்துவிட்டது. நீலமும் வெளுத்துவிட்டது, ஆனால் கழுத்தை விட்டு இறங்கவில்லை. அந்த நீண்ட மேஜையும், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியதும், புள்ளி வைத்தால் போதும் என்று என்னை நம்பி அனுப்பிய அந்தக் கையும் நினைவுக்கு வந்தால் எனக்கு ரொம்பவே ஏக்கமாக இருக்கிறது.

போன வாரம் அக்காவைத் திரும்பி உட்காரச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்த்தேன். என் பட்டன்தான். நூல் என்னுடையது இல்லை. நான் நாலு கண்ணிலும் குறுக்கே போட்டிருந்தேன், இப்போது நேராக இரண்டு வரி, அதிலும் ஒன்று தொங்கல்.

“யாரு தச்சது? வேலை சுத்தமே இல்ல.”

“நான்தான் சித்தி,” என்றாள் சின்னக் காலர், கழுத்தில் சங்கிலியோடு திரைக்குள் தலையை நீட்டி. “அம்மா சும்மா ஒரு புள்ளி வச்சு மேஜை மேல வச்சிட்டுப் போயிட்டாங்க.”